ஆலங்கரை ஜப்பானியக் குலத் தகராறு

ஆலங்கரையில் நான்கு ஜப்பானியக் குலங்களுக்கு இடையே கலவரம் மூளப்போகிறது என்ற தகவல் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த வேளையில், கிளை நூலகர் யூனிஸ் அலமாரிக்கு அடியில் குனிந்து கறையான் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இரண்டே பகைவர்கள். ஒன்று கறையான். இன்னொன்று, புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பித் தராத ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். குலப்பகை என்று ஒன்று தன் நூலகத்துக்குள்ளேயே வளர்ந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. அரசாங்கம் சொல்லித்தான் தெரிந்தது.

ஆலங்கரை, களக்காட்டிலிருந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் போனால் வரும் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. நடுவில் பஜார் என்று சொல்லிக்கொள்கிற ஏழு கடை. இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்டால், உண்டு. தாசில்தார் முன்னிலையில் உண்டு. மற்றபடி கிடையாது. நூலகத்துக்கு மேலத்தெருக்காரர்கள் காலையில் வருவார்கள், கீழத்தெருக்காரர்கள் சாயங்காலம் வருவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, போடாத சட்டத்தை யாரும் மீறியதும் இல்லை. காலையில் வந்தவர் மடித்து வைத்த ராசிபலன் பக்கத்தைச் சாயங்காலம் வருகிறவர் பிரித்து அதே ராசியைப் படிப்பார். பதினோரு வருஷமாக யூனிஸ் பார்த்த வரையில் இரண்டு தெருவுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது. யூனிஸின் தங்கை மகன் எபி கூடங்குளத்தில் வேலை பார்க்கிறான். அங்கே அவனுக்குப் பழக்கமான ஒரு ரஷ்யக்காரர் ஊர் திரும்பும்போது, விமானத்தில் கனம் கூடுகிறது என்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். எபி அதைப் பெரியம்மா தலையில், அதாவது நூலகத்தின் தலையில், கட்டினான். உள்ளே ஜப்பான் தேசத்து வரைபடம், கட்டைவிரல் உயரக் கோட்டைகள், குதிரைகள், நெல்மூட்டைகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறத்தில் நான்கு குலம். நானூறு வருஷத்துக்கு முந்தி அந்த நாட்டுப் பிரபுக்கள் நெல்லுக்கும் நிலத்துக்கும் அடித்துக்கொண்டதை மேசைமேல் வைத்து விளையாடுகிற ஆட்டம். விதிப்புத்தகம் ரஷ்ய மொழியில் இருந்தது. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் முஆத் அதை போன் கேமராவில் காட்டித் தமிழில் வாசித்தான். போனின் தமிழ் கைவிட்ட இடங்களில் ஆலங்கரை நியாயப்படி முடிவு செய்துகொண்டார்கள்.

ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. அதனால் மேலத்தெரு பாக்கியசீலன் தன் நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அதே மழையால் வாழைக்காரர் பிச்சைக்கண்ணுவும், நூறு நாள் வேலையில் ஆட்களை மேய்க்கிற இசக்கிச்செல்வியும் தங்கள் நேரத்துக்கு முன்பே வந்து ஒதுங்கினார்கள். இருவரும் கீழத்தெரு. முஆத் எந்தத் தெருவும் இல்லை, பஜார். நாலு பேர் இருந்தார்கள், நாலு குலம் இருந்தது, மழை நிற்கவில்லை. அப்படித் தொடங்கியதுதான்.

அந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் நால்வருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. தொடங்குமுன் நான்கு நிற வில்லைகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்க வேண்டும். கையை விட்டு எடுத்ததுதான் அன்றைக்கு உன் குலம். போன ஆட்டத்தில் சிவப்பில் நின்று மஞ்சளைக் கருவறுத்தவர், இந்த ஆட்டத்தில் மஞ்சளாக நின்று, "இந்தச் செவப்புக்காரனுவளுக்கு ஈவு இரக்கமே கெடையாது வே" என்பார். வேடிக்கை பார்க்க இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்தது. மேசையைச் சுற்றி நிற்கிறபோது யாருக்கு எந்த நேரம் என்கிற கணக்கெல்லாம் எப்படியோ மறந்துபோனது. வாரத்தில் மற்ற நாட்களில் யூனிஸ் சம்பளத்துக்காக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆசைப்பட்டு வந்தாள். ஏழு மாதம் இப்படி நடந்தது.

கெடுத்தது பிச்சைக்கண்ணுவின் மூக்குக்கண்ணாடி. அது வீட்டில் இருந்தது, அவர் தோட்டத்தில் இருந்தார். முந்தின வாரம் முடியாமல் நின்ற ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. உடனே போனை எடுத்து முஆதுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார்:

"ஏலே முஆது, நாளைக்கு நாலு மணிக்கு மஞ்சக் கோட்டையில ஏறுதோம். செல்வியும் நம்ம கூட வாரா. பாக்கியசீலன் அண்ணாச்சி ஆளுவ ஒருத்தன் தப்பக்கூடாது. தெக்குப் பாதையை நான் மறிச்சுக்கிடுதேன். நெல்லுல ஒரு மூட மிச்சம் வைக்கக் கூடாது, கேட்டியா?"

அது முஆதுக்குப் போகவில்லை. ‘ஆலங்கரை அமைதிக்குழு’ என்ற வாட்ஸப் குழுவுக்குப் போனது. தாலுகா ஆபீசே தொடங்கிய குழு அது. இரண்டு தெருப் பெரியவர்களும் போலீஸ்காரர்களும் தாசில்தாரும் அதில் உறுப்பினர்கள். இரண்டு வருஷமாக அதில் காலை வணக்கத்தையும் ரோஜாப் பூவையும் தவிர யாரும் எதுவும் போட்டதில்லை.

ஏட்டு எஸ்றா ஊரில் விசாரித்துக்கொண்டு அரைமணி நேரத்தில் நூலகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"யக்கா, எங்க அந்த மஞ்சக் கோட்டை?"

யூனிஸ் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். ஏட்டு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சீருடையில் இருந்ததால் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"இதுலயா ஏறப்போறாரு பிச்சைக்கண்ணு அண்ணாச்சி?"

"விளையாட்டுதான் தம்பி. நீங்களே மேல சொல்லிருங்களேன்."

"சொல்லலாம்க்கா. ஆனா தகவல் மேல போயிட்டு. மேல போனது விளையாட்டுன்னு கீழ எறங்காது. எறங்கணும்னா சமாதானம் ஆகித்தான் எறங்கணும்."

பிறகு அவர் பெட்டியைக் கைப்பற்றினார். கைப்பற்றிய பொருட்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும் அல்லவா? குதிரை, பச்சை, ஒன்பது. கோட்டை, மஞ்சள், நான்கு. வாள், பிளாஸ்டிக், கால் அங்குலம், பதினாறு. வாள் என்று எழுதியதும் பேனாவை நிறுத்தி, "ஆயுதம்னு தனியாப் போடணுமோ?" என்று ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் கேட்டார். தனியாகத்தான் போட வேண்டும் என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலை யூனிஸும் நாலு ஆட்டக்காரர்களும் தாலுகா ஆபீசில் நின்றார்கள். தாசில்தார் குற்றாலலிங்கம் மேசைமேல் ஒரு புதுக் கோப்பு இருந்தது. அதன் முகப்பில் ‘ஆலங்கரை – ஜப்பானியக் குலத் தகராறு’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, சிவப்பு நாடா கட்டியிருந்தது. அவர் கோபமாக இருப்பார் என்று யூனிஸ் பயந்திருந்தாள். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"சார், இது விளையாட்டு சார்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? எம் பேரன்கூட இந்த மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். ஆனா ஃபைல் தொறந்தாச்சேம்மா. தொறந்த ஃபைலை மூடணும்னா கடைசித் தாள்ல ‘இரு தரப்பாரும் சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டனர்’னு இருக்கணும். இரு தரப்பார் வேணும், சண்டை வேணும், சமாதானம் வேணும். இதுல எது இல்லேன்னாலும் ஆடிட்ல கேப்பாங்க." அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "பிச்சைக்கண்ணு. நீரு எந்தக் குலம்?"

"இந்த ஆட்டத்துக்குச் செவப்பு சார்."

"இந்த ஆட்டத்துக்கா? அதுக்கு மின்ன?"

"நீலம். அதுக்கும் மின்ன ரெண்டு தடவ பச்சை."

தாசில்தாரின் பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"உம்ம அப்பா என்ன குலம்?"

"அவருக்கு இந்த ஆட்டம் தெரியாது சார். அவரு செத்து இருவது வருசம் ஆச்சு."

யூனிஸ் குறுக்கிட்டு துணிப்பை, வில்லை, குலுக்கல் எல்லாவற்றையும் விளக்கினாள். தெளிவாகத்தான் சொன்னாள். கேட்கக் கேட்கத் தாசில்தாரின் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்தது. கோட்டையில் ஏறப்போகிறோம், ஒருத்தன் தப்பக்கூடாது என்றபோதெல்லாம் கலங்காத மனிதர் இப்போது நிஜமாகவே கலங்கிவிட்டார்.

"சீட்டுக் குலுக்கியா குலத்தை முடிவு பண்ணுதீங்க? ஏம்மா, நீங்க படிச்சவங்க. ஒரு மனுசன் வாராவாரம் பைக்குள்ள கைய விட்டு, நான் இன்ன குலம்னு எடுத்துக்கிட்டான்னா, நாங்க எதுக்கு இங்கன உக்காந்திருக்கோம்? இந்த ஆபீஸ்ல பாதி மேசை, நீ யாருன்னு உனக்கு நாங்க எழுதிக் குடுக்கிறதுக்குத்தாம்மா கெடக்கு. கலவரத்தைக்கூட நான் சமாளிச்சிருவேன். இது வெளிய பரவுச்சுன்னா?"

"பரவாது சார்" என்றான் முஆத், ஆறுதலாக.

"முதல்ல ஆளுக்கு ஒரு குலத்தை நிலையா ஆக்கணும். அப்புறந்தான் சமாதானம்" என்று தாசில்தார் முடிவு செய்தார். அப்பொழுதே நாலு பேருக்கும் நிரந்தரக் குலச் சான்று எழுதப்பட்டது. கைப்பற்றிய நேரத்தில் யார் கையில் என்ன நிறம் இருந்ததோ அதுவே ஆயுளுக்கும். பிச்சைக்கண்ணு சிவப்பு. பாக்கியசீலன் மஞ்சள். இசக்கிச்செல்வி பச்சை. முஆத் நீலம். இசக்கிச்செல்வி தன் சான்றை வாங்கிப் படித்துவிட்டு, "எம் மவளுக்கும் பச்சைதானா சார்?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். தாசில்தார் அதைப் பாராட்டத்தக்க சந்தேகம் என்று சொல்லி, ‘வாரிசுகளுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்த்து இன்னொரு முறை முத்திரை குத்தினார்.

இந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேர்ந்த மறுநாளே இ-சேவை மையத்தில் ஆலங்கரைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இருபத்தேழு பேர் நீலக் குலத்துக்கு விண்ணப்பித்தார்கள். நீலம் எதற்கு என்று கேட்டதற்கு, என்ன சலுகை வரும் என்று இப்போது சொல்ல முடியாது, வந்தபிறகு ஓடினால் கிடைக்காது என்றார்கள். அனுபவம் அப்படி. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வரிசையில் நின்றது அன்றைக்குத்தான், ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை.

சமாதானக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதால் யூனிஸ் லீவு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தாலுகா ஆபீஸ் கூடத்தின் நாலு மூலையிலும் நாலு நாற்காலி. நடுவில் எட்டு போலீஸ்காரர்கள். சுவரில், ‘ஜப்பானியக் குலங்களுக்கிடையே நல்லிணக்கப் பேச்சுவார்த்தை’ என்று பேனர். பெட்டி பறிபோகும் வரை ஞாயிறுதோறும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்த நாலு பேரும் இப்போது கூடத்தின் மூலைகளிலிருந்து ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியசீலன் பிச்சைக்கண்ணுவைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கையால் கேட்டார். நடுவில் நின்ற போலீஸ்காரர் அதை மிரட்டல் என்று குறித்துக்கொண்டார்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை வாசிக்கப்பட்டது. நான்கு குலங்களின் தலைமைக் குடும்பத்தாருக்கும் நோட்டீஸ் சார்பு செய்யச் சென்றதாகவும், மேற்படியார்கள் கிராமத்தில் இல்லை என்றும், அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டதாகத் தெரியவந்தது என்றும், எனவே நோட்டீஸை நூலகக் கதவில் ஒட்டி இரண்டு சாட்சிகளின் கையொப்பம் பெறப்பட்டது என்றும் அதில் இருந்தது. சாட்சி ஒன்று, டீக்கடைக்காரர். சாட்சி இரண்டு, யூனிஸ்.

பிறகு தாசில்தார் எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. என் சர்வீஸ்ல நூத்தி நாப்பது சமாதானக் கூட்டம் நடத்தியிருக்கேன். இதே ஆலங்கரையில, ரெண்டு தெருவுக்குமான குளத்துக்கரைப் பாதைப் பிரச்சனைக்கு மட்டும் இருபத்தெட்டு கூட்டம். ஒரே பிரச்சனைக்கு இருபத்தெட்டு! இந்த மாவட்டத்துல யாரு நடத்தியிருக்கா, சொல்லுங்க பாப்போம். அந்தப் பிரச்சனை இன்னைக்கும் அப்படியே பத்திரமா இருக்கு. ஆனா இன்னைக்கு நான் ஒண்ணை மனசு விட்டுச் சொல்லணும். இந்த ஜப்பான் தகராறு மாதிரி ஒரு நல்ல தகராறை நான் பாத்ததே இல்ல. யாருக்கும் அடி இல்ல. எந்தக் கட்சிக்காரரும் போன் பண்ணல. ரெண்டு தரப்புல எவனைத் தொட்டா எவன் சட்டசபையில எந்திரிச்சு நிப்பான்னு கணக்குப் பாக்க வேண்டியது இல்ல. இதுல நியாயம் சொல்லுததுக்கு எனக்குப் பயமே இல்ல. இப்படி எல்லாத் தகராறும் ஜப்பான்லேயே இருந்தா ஒரு அதிகாரிக்கு எவ்வளவு தைரியம் வரும், நெனச்சுப் பாருங்க!"

போலீஸ்காரர்கள் கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம். அதன் சாரம் இது: பெட்டி நூலகரின் பொறுப்பில் திருப்பித் தரப்படும். துணிப்பை ஒழிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சிவப்பு, பதினொன்றுக்கு மஞ்சள், இரண்டுக்குப் பச்சை, மூன்றுக்கு நீலம் என்று ஒரு நேரத்தில் ஒரு குலம் மட்டுமே மேசையில் அமர்ந்து விளையாடலாம். ஒரு குலத்தார் அமர்ந்திருக்கையில் வேறு குலத்தார் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. கண்காணிக்க ஏட்டு எஸ்றா நியமிக்கப்படுகிறார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டால்தான் மதியச் சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று தோன்றியது.

அந்த ஞாயிறு பிச்சைக்கண்ணு பத்து மணிக்கு வந்து, பத்தேகாலுக்கு எழுந்து போய்விட்டார். பதினொரு மணிக்குப் பாக்கியசீலன் வந்தார். முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மஞ்சள் குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். எதிரே நாற்காலி காலி. யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. அரைமணி நேரத்தில் ஜப்பான் முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

"ஜெயிச்சாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள் யூனிஸ்.

"ஜெயிச்சாச்சும்மா" என்றார். கடைசிக் குதிரையை நேராக நிமிர்த்தி வைத்தார். "யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அவர் போன பிறகு யூனிஸ் மஞ்சள் குதிரைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள். வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. அடுத்த ஞாயிறு இந்த நாலு பேரும் வர மாட்டார்கள், அதற்கடுத்து வேடிக்கை பார்க்கிறவர்கள் வர மாட்டார்கள், பிறகு பழையபடி காலையில் ஒரு தெரு, சாயங்காலம் ஒரு தெரு. பதினோரு வருஷம் அவள் பார்த்தது போதாதா? வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எஸ்றா, "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குக்கா" என்றார்.

யூனிஸ் அன்றைக்கு ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். கையெழுத்துப் போட்ட யாரும் அதைப் படிக்கவில்லை. எழுதியவரும் பழைய ஒப்பந்தங்களிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாரே தவிரப் படித்திருக்க மாட்டார். யாரும் எடுக்காத புத்தகங்களைத் தூசி தட்டிப் படித்தே பழகியவளுக்குப் பன்னிரண்டு பக்கம் பெரிய காரியம் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். மறுபடியும் படித்தாள். வீட்டில் தனியாக இருந்ததால் சத்தமாகவே சிரித்தாள்.

‘மேற்படி தரப்பாரிடையே மீண்டும் பதற்றம் ஏற்படுமாயின், எழுத்துமூலமான புகார் பெற்ற மூன்று தினங்களுக்குள், சம்பவ இடத்திலேயே, வட்டாட்சியர் முன்னிலையில், அனைத்துத் தரப்பாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, தகராறுக்குரிய பொருளை நடுவில் வைத்து, அனைவரும் மனம் திறந்து பேசித் தீரும் வரை கூட்டம் நடத்தப்பட வேண்டும்.’

வியாழக்கிழமை புகார் கொடுத்தால் மூன்றாம் நாள் ஞாயிறு.

புகாரை அவளே எழுதினாள். நாங்கள் நால்வரும் ஒருவர்மீது ஒருவர் தீராத வன்மம் கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலையில், எந்நேரமும் அசம்பாவிதம் நிகழக்கூடும் என்று அஞ்சுகிறோம். கையெழுத்து முஆத் கடையில் நடந்தது. பிச்சைக்கண்ணு ஒரு தாறு மட்டிப்பழம் கொண்டு வந்திருந்தார், பாக்கியசீலன் வீட்டுக்கு.

"அண்ணாச்சி, பேனா எழுதலையா? இந்தாரும், என் பேனாவ வச்சுக்கிடும்" என்றார் பிச்சைக்கண்ணு.

"வன்மம்னா போதுமா வே? கொலவெறின்னு போடச் சொல்லுவோமா?"

"அது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்" என்றாள் இசக்கிச்செல்வி. "எல்லாத்தையும் ஒரே வாரத்துல தீத்துரக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார், வருவாய் ஆய்வாளர், எட்டு போலீஸ். ஒரே மேசை, நாலு நாற்காலி, நடுவில் ஜப்பான். பேசுங்கள் என்றார் தாசில்தார். பாக்கியசீலன் எழுந்து, மஞ்சளாகவே இருந்துகொண்டு தன்னால் மனம் திறக்க முடியவில்லை, எவ்வளவோ முயன்றும் திறக்கவில்லை என்றார். மற்ற மூவரும் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள்.

"பழையபடி பையில எடுத்தாத்தான் சார் இவங்களுக்கு மனசு தொறக்கும்" என்றாள் யூனிஸ்.

"பை ஒழிக்கப்பட்டாச்சும்மா."

"ஒழிச்சது பழைய பை. இது நேத்துத் தச்சது. இன்னொண்ணு சார், பேசித் தீருத வரைக்கும் கூட்டத்தைக் கலைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. நீங்க ராத்திரி சாப்பாடு எங்க சொல்லியிருக்கிய?"

தாசில்தார் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தார். அடியில் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"அப்ப நடுநிலையான ஆள்தான் பையைப் பிடிக்கணும்" என்றார் கடைசியில், விறைப்பாக. அறையில் அரசாங்கத்தைவிட நடுநிலையானவர் யார் இருக்கிறார்? அவரே பிடித்தார்.

அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் ஒரு வாரம் தவறவில்லை. வியாழன் புகார், ஞாயிறு சமாதானம். வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்த ஏச்சையெல்லாம் நாலு பேரும் மேசையில் கொட்டுகிறார்கள். இரண்டு தெருவிலிருந்தும் ஆள் கூடுகிறது. உட்கார இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். தாசில்தாரின் அறிக்கையில் இது, ‘இரு தெருவினரும் பெருந்திரளாகக் குழுமிய மிகப் பதற்றமான சூழல்’ என்று வருகிறது. ஆறாவது வாரம், இவ்வளவு பதற்றத்திலும் சிறு அசம்பாவிதமும் இல்லாமல் பார்த்துக்கொண்டதற்காக மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை லேமினேட் செய்து எடுத்து வந்து எல்லாருக்கும் காட்டினார்.

"சார்" என்று யூனிஸ் அன்றைக்குக் கேட்டுப் பார்த்தாள். "அந்தக் குளத்துக்கரைப் பாதைக்கும் இதே மாதிரி ஒரு கூட்டம் போட்டா என்ன? எல்லாரும் இங்கனதான் நிக்காங்க."

"அதுல நெஜமான ஆளுங்க இருக்காங்கம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மெள்ளத்தான் பாக்கணும். நீங்க ஒண்ணு செய்யுங்க. போன வாரப் புகார் கொஞ்சம் சப்புன்னு இருந்து. பதற்றம் கொறஞ்சிட்டான்னு மேல கேக்காவ. கொறஞ்சா ஜீப்பை எடுத்துருவாங்க. கொஞ்சம் காரமா எழுதுங்க, என்ன?"

எழுதுகிறேன் என்றாள். அடுத்த வியாழக்கிழமை நாலு பேரும் முஆத் கடையில் கூடி மண்டையைப் பிய்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஆற்றில் தள்ளப்போவதாக மிரட்டிக்கொண்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதி முடித்துவிட்டு, முஆத் தங்கச்சி கல்யாணத்துக்கு யார் யார் எந்த வண்டியில் போவது என்று பேச உட்கார்ந்தார்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. தாசில்தார் நாற்காலியில் அமர்ந்து, படிவத்தை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆத்துல தள்ளப் பாத்த விவகாரம். ம். தாக்கியவர் யாரு, தாக்கப்பட்டவர் யாரு? பேரும் குலமும் சொல்லுங்க, எழுதிருதேன். யாருக்கும் யாருக்கும் வே இந்த வாரம் பகை?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிச்சைக்கண்ணு துணிப்பையை எடுத்து அவர் முன்னால் மரியாதையாக நீட்டினார்.

"பையைப் பிடிங்க சார். எடுத்துட்டுச் சொல்லுதோம்."